வேதியியல் ஆய்வகத்தின் பின்கதவு

பிப். 3, திங்கள்

பனி. ஸ்பெஷல் கிளாஸுக்காக விடிந்ததுமே ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தேன். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. வாங்க வேண்டியவை: ஸ்பிரிட் விளக்குத் திரி, லிட்மஸ் தாள், எனக்கு இருமல் மருந்து.

இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம். ஆய்வகத்துக்குப் பின்கதவு ஒன்று இருப்பதை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். உடைந்த ஸ்டூல்களுக்குப் பின்னால் இரும்புக் கதவு. முன்கதவுப் பக்கம் தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியேற வேறு வழி கிடையாது. லேப் உதவியாளர் வசந்தாக்காவிடம் கேட்டேன். "காலையில அது தொறக்காதும்மா" என்றார். காலையில் மட்டுமா? கதவு என்ன, நேரம் பார்க்குமா?

பிப். 4, செவ்வாய்

ஸ்டூல்களை அகற்றினோம். முதுகு வலி. மத்தியானம் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு உள்பக்கமாக இழுத்தேன். சுலபமாகத் திறந்தது. வெளியே வெறும் சந்து, வெயில், ஒரு ஆடு. வசந்தாக்கா காலையில் வந்து பார்க்கச் சொல்லிச் சிரிக்கிறார். எரிச்சல்.

பிப். 5, புதன்

சீக்கிரமே போனேன், கதவுக்காகவே. இழுத்தால் விரற்கடை வருகிறது, திரும்பப் போகிறது. வெளியே யாரோ எதிர்த்து இழுப்பதுபோல. பிறகு ஒரு குரல்: "யாரும்மா உள்ள? இழுக்காதீங்க, பாவு போட்டுக்கினு இருக்கோம்."

சுற்றிக்கொண்டு ஓடினேன். சந்து நெடுக அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள், சேலைக்கான பாவு, விறைப்பாக. அதை இழுத்துப் பிடிக்கிற கயிறு எங்கள் கதவு வளையத்தில். நெசவாளர் ஏகாம்பரம், ஐம்பது வயதிருக்கும். தினமும் வெயில் ஏறுவதற்குள் முடித்து அவிழ்த்துவிடுவார்களாம். முன்பு வேப்பமரத்தில் கட்டுவார்களாம், அது புயலில் விழுந்துவிட்டதாம். "உங்க கதவுதாம்மா அசையாம நிக்குது" என்றார், பாராட்டாகவே.

உள்ளே பிள்ளைகள் நெருப்பு வைத்து வேலை செய்கிறார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை கம்பம் நட்டுவிடுகிறாராம். முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவசரத்துக்கு அவிழ்கிற முடிச்சு இல்லையாம்.

பிப். 6, வியாழன்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஞாயிறுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்றார். முன்கதவு ஓரம் விளக்கு ஏற்றக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். மனசு ஆறவில்லை. இருமலும்.

பிப். 7, வெள்ளி



காலை வகுப்பு. எரிகிற விளக்கில் ஒரு பெண் ஸ்பிரிட் ஊற்றிவிட்டாள், அதுவும் முன்கதவு ஓரம். மேசை, தரை, வாசல் எல்லாம் தீ. பிள்ளைகள் பின்கதவுக்கு ஓடினார்கள். இழுத்தேன். விரற்கடை. கத்தினேன். அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை. சட்டென்று கதவு என்னோடு வந்தது, மல்லாக்க விழுந்தேன். செருப்புக் காலோடு எல்லோரும் பட்டு மேல் ஓடினோம். வசந்தாக்கா வராந்தாப் பக்கமிருந்து மணலை வாரிக் கொட்டித் தீயை அணைத்தார்.

ஏகாம்பரம் தரையில் கிடந்த பாவு இழைகளைப் பார்க்கவே இல்லை. "புள்ளைங்கள எண்ணும்மா மொதல்ல." எண்ணினேன். ஒருத்தியும் குறையவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது.

கயிறு அவிழ்ந்திருக்கவில்லை, அறுபட்டிருந்தது. அதற்குள் கத்தி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுல இருந்து இடுப்புல வச்சிக்கினுதாம்மா பாவு போடுறேன்."