விரதப் பால்

ஒக். 17, வெள்ளி
மழை. கிளினிக்கில் என்னைப் பவானியின் பராமரிப்பாளராகப் பதிந்துவிட்டார்கள். இத்தனை வருடம் புருஷனாக இருந்ததற்கு இப்போதுதான் அத்தாட்சி. மருந்து கஞ்சா எண்ணெய். டொக்டர் எழுதித் தந்தது, சட்டப்படி சரி. எம்.எஸ். என்ற நரம்பு வருத்தத்தில் அவள் கால்கள் இறுகி இழுப்பதற்கு. முன்பு தந்த குளிசை மாத்திரைகள் போதவில்லை. போத்தல் மூடியை அழுத்தித் திருக வேண்டும், அவள் விரல்களுக்கு ஏலாது. அதனால்தான் நான்.
நர்ஸ் வீடியோவில் சொன்னாள்: ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். நன்றாகத் தலையாட்டினேன்.
வாங்க: பால், வாழைப்பழம், கற்பூரம்.

ஒக். 20, திங்கள்
தீபாவளி. லண்டனில் எங்கள் கிங்ஸ்பரி முழுக்க வெடி. எண்ணெய் குறைந்த அளவில் போகிறது. நேற்றிலிருந்து கொஞ்சம் நித்திரை. "கோயில் சனத்துக்குத் தெரிஞ்சா கஞ்சாக்காரி எண்டுவினம்," என்கிறாள்.

ஒக். 21, செவ்.
நாளை கந்தசஷ்டி. ஆறு நாளும் எண்ணெய் தொடமாட்டாளாம்.
"டொக்டர் தந்த மருந்தப்பா."
"குளிசை எடுக்கிறன். கஞ்சாவைக் குடிச்சுப்போட்டு முருகனைக் கும்பிடச் சொல்லுறியளே?"

ஒக். 22, புதன்
முதல் நாள். பின்னேரம் பாலும் பழமும் மட்டும். கால் இழுத்து, தலையணையைக் கடித்தபடி கிடந்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை. அழவில்லை.

ஒக். 23, வியா.
செய்துவிட்டேன். அதே அளவு எண்ணெய், சூடான பாலில், தேன் கூட்டி.
கோப்பையை வாங்கினாள். வாங்கி, எந்நாளும் போல முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடினாள். என் மண்டைக்கு அதுவரை அது வரவேயில்லை. முதலில் அவருக்கு, பிறகுதான் அவளுக்கு. பறித்திருக்கலாம். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தேன் கூடிப்போச்சு," என்றாள்.

ஒக். 25, சனி
டொக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டிய நாள். கூட்டினேன். களவிலும் ஒழுங்கு! தலை சுற்றுகிறதாம். "விரதக் களை போல." "ஓம், இருக்கும்," என்றேன். பொய் இப்போது தானாகவே வருகிறது. வெட்கம்.
கார் டயருக்குக் காற்று.

ஒக். 26, ஞாயிறு
மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தாயிற்று. ஐந்து மணிக்கே இருட்டு.
பவானி தடியை ஊன்றிக் குசினி வரை நடந்து வந்தாள். பிளேஸ்டோவில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன்: "அண்ணை, முருகன் கண் திறந்திட்டான். கால் இழுக்கேல்லை." சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்.

ஒக். 27, திங்கள்
சூரன்போர். வெம்பிளிக் கோயில். தீபம் காட்டும்போது சக்கர நாற்காலியை விட்டு எழும்பி நின்றாள். ஒரு மாமி அவள் கையைப் பிடித்து, "எல்லாம் உம்மட பக்தி, பிள்ளை," என்றார். நான் பின்னால் தூணோடு.
காரில் பவானி: "நாளைக்கு நர்ஸ் வீடியோவில எடுப்பாள்தானே. எண்ணெய் இனி வேண்டாமெண்டு சொல்லப்போறன்."
சொல்ல வாயைத் திறந்தேன். "சரியான ட்ராபிக்," என்றேன். கோழை.

ஒக். 28, செவ்.
காலையில் பாறணை, விரதம் முடிந்தது. பதினொன்றுக்கு நர்ஸ். பவானி பெருமையோடு சொன்னாள்: ஆறு நாள் எண்ணெய் தொடவில்லை, கால் சுகம், நிப்பாட்டுங்கள். நர்ஸ் திரையில் என்னைப் பார்த்தாள். பராமரிப்பாளர் என்ன சொல்கிறீர்கள்?
இல்லை என்றேன். ஐந்து நாள் நான் கொடுத்தேன், அவளுக்குத் தெரியாமல்.
பவானி திரும்பினாள்.
"பாலிலயோ?"
"ஓம்."
"அதை நான் முருகனுக்கு வைச்சனான்."
தன் கால்களைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகு நர்ஸிடம் ஆங்கிலத்தில், தெளிவாக: மருந்தை எடுப்பேன். இவர் தர வேண்டாம்.
பராமரிப்பாளர் பதிவிலிருந்து என் பெயரை எடுக்கிறார்கள். வேறு யார் தருவது என்று நர்ஸ் கேட்டதற்கு, நானே என்றாள்.
இப்போது பின்னேரம். மேசையில் எதிரே போத்தலோடு இருக்கிறாள். அழுத்துகிறாள், திருகுகிறாள், விரல் வழுக்குகிறது. மறுபடி அழுத்துகிறாள். நான் எழுதுவதுபோல இருக்கிறேன். ஒருமுறை கை தானாக நீண்டது.
"கையை எடுங்கோ," என்றாள்.