கெய்ஷாவின் மிதியடி

எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன், அத்தை. இன்று அப்பா தாத்தாவின் மிதியடிக்கட்டைகளுக்கு நல்லெண்ணெய் தடவினார். அந்த வாசனை உன் படம் மாட்டியிருக்கும் கூடம் வரை வந்தது. உடனே உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

ஏழாம் வகுப்பில் மாறுவேடப் போட்டி. மற்றவர்களெல்லாம் மீன்காரியும் நர்ஸுமாக வர, நான் ஜப்பானிய கெய்ஷாவாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். நூலகத்தில் படித்ததை உன்னிடம் ஒப்பித்தேன். பாட்டும் ஆட்டமும் முறையாகக் கற்று, விருந்துகளில் வந்தவர்களை மகிழ்விக்கும் பெண்கள். கலை தெரிந்தவர் என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஐரோப்பியர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் வேறு ஏதேதோ அர்த்தம் ஏற்றிவிட்டார்கள். நீ என் முகத்தில் அரிசிமாவைக் குழைத்துப் பூசியபடி, "பாடத் தெரிஞ்சவளைப் பத்தி ஊர் எங்கேதான் ஒழுங்காப் பேசியிருக்கு?" என்றாய்.

உன் கூறைப்புடவை கிமோனோ ஆயிற்று. இடுப்புப் பட்டையின் இத்தனை பெரிய முடிச்சை முதுகில் கட்டிக்கொண்டு அவர்கள் எப்படிச் சாய்ந்து உட்காருவார்கள் என்று கவலைப்பட்டாய். அவர்கள் போடும் மரச்செருப்பு மட்டும் நம் ஊர்ச் சாலைக் கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் நீ பூஜை அறைக்குள் போய், தாத்தாவின் கட்டைகளைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்தாய். அப்பா தினமும் பூ வைத்துக் கும்பிடுகிற கட்டைகள். நான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "அண்ணா கடையிலேர்ந்து வரதுக்குள்ளே வெச்சுடலாம், வாடி" என்றாய்.

மேடையில் டக், டக் என்று நடந்து, மனப்பாடம் செய்ததை எங்கள் பள்ளி மொழியான மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரங்கின் கடைசியில், கையில் குடையோடு அப்பா. கடையில் கணக்கு வேலையைப் பாதியில் விட்டு எனக்காக வந்திருக்கிறார். அவர் கண் என் காலிலேயே இருந்தது. திரைக்குப் பின்னால் நீ சாமி பெயர்களை முணுமுணுப்பது எனக்குக் கேட்டது.

திரைக்குப் பின்னால் வந்த அப்பா குனிந்து என் காலிலிருந்து கட்டைகளைக் கழற்றினார். என் விரலிடுக்கு சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம அப்பாவுக்கும் இங்கேதான் கடிக்கும். வாசப்படி தாண்டி ஆத்துக்குள்ளே நுழைஞ்சதுமே உதறித் தள்ளுவார்," என்றார் உன்னிடம்.

"அந்தக் கட்டைக்கா அண்ணா நீ தினமும் பூ வெக்கறே?" என்றாய் நீ.

அப்பா சிரித்த சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரிசு கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் கரமனை பஸ்ஸில் மூவரும் கட்டை கடித்த கதையையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

நீ போனபின் இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கலாமா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. இன்று அப்பா கட்டைகளில் பூ வைத்துவிட்டு, உன் படத்தின் பக்கம் திரும்பி, "கடிச்ச கட்டைக்குத்தான் வெக்கறேன், போறுமா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பயம் போய்விட்டது, அத்தை. அன்று மாவு பூசியபடி நீ கேட்ட கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது.

அப்பா பூஜை அறை லைட்டை அணைத்துவிட்டார்.