அறுபது கேள்விக்கும் பதில் சொன்னவள்

வியாழன், காலை பதினொரு மணி

என் அருமைத் திருப்புளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? சரி, அதெல்லாம் அப்புறம். இப்போது கையில் பேனா இருந்தால் உடனே கீழே வை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருந்தாயே, அந்த வரவேற்பாளர் பயிற்சி, அதில் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதே. போட்டால் இரண்டு வருஷம் வெளியே வர முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்றிலிருந்து ஏழு முறை அடித்தாகிவிட்டது. நீ எடுத்தால்தானே? மணி அடித்தாலே போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளுகிற பெண் நீ. அப்படியே எடுத்தாலும் "ம்", "ம்ம்", "சரிம்மா", முடிந்தது கதை. இப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாளுக்கு முந்நூறு போன் எடுக்கப்போகிறாளாம்! அதனால்தான் அப்பாவோடு பஸ் ஓட்டுகிற மீசைக்கார மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மூன்று மணி வண்டியில் வந்து ஹாஸ்டல் வாசலில் நிற்பார். ஒளிந்துகொள்ளாமல் இறங்கி வந்து வாங்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது, சிரிப்பும் அடங்கமாட்டேன் என்கிறது.

படிப்பு முடிந்து எட்டு மாதமாக நீ "என்ன செய்யறதுன்னே தெரியலம்மா" என்று புலம்பிக்கொண்டிருந்தாய் அல்லவா? அந்த வேலை வழிகாட்டி மையத்துக்குப் போய், ஒரு பாரம் வாங்கி எங்களுக்கு அனுப்பினாய். அறுபது கேள்வி. உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் உன்னைப் பற்றி நிரப்ப வேண்டும் என்று உறைக்குள் சீட்டும் வைத்திருந்தாய். அந்தச் சீட்டை அப்பா படித்தார். வழக்கம்போல் மனசுக்குள்ளேயே படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அப்போது அவருடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "பொண்ணு பாரம் அனுப்பியிருக்கா, அறுபது கேள்வி" என்றார். பெற்றவர்களைப் பற்றி ஏதோ விவரம் சேகரிக்கிறார்கள் போல என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அவர் வாசிக்க வாசிக்க நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

கூட்டத்தில் பேசப் பிடிக்குமா? பிடிக்காமல் என்ன, மைக்கைக் கொடுத்தால் விடமாட்டேன் என்றேன். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் எரிச்சல் வருமா? வராது, எங்கள் வீட்டில் ஒருத்தருமே எதுவும் கேட்பதில்லை, அதுதான் எரிச்சல் என்றேன். பார்த்த முகம் நினைவிருக்குமா? பத்து வருஷம் முன்னால் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டுப் போனவரைக்கூட அடையாளம் சொல்வேன் என்றேன். சொல்லிக்கொண்டே போனேன் பார், நிறுத்தவே முடியவில்லை. ஒரு கை இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்திருந்ததில் காலர் கருகிவிட்டது. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியுமா? எனக்கு நாற்பத்தாறு வயது. என்ன சமைப்பாய், என்ன படித்திருக்கிறாய், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதே இல்லை. அன்று ஒரே மூச்சில் அறுபது தடவை கேட்டார்கள். அறுபதாவது கேள்வி முடிந்தபோது, ஐயோ, அவ்வளவுதானா என்று இருந்தது.

உன் அப்பா இருக்கிறாரே, மௌனசாமி, அவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே புரிந்துவிட்டதாம், நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று. ஆனாலும் வாயைத் திறக்காமல் அத்தனையையும் எழுதியிருக்கிறார். வேறு பாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, அதை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான்தான் அவசரக் குடுக்கை ஆயிற்றே! பாவம் மனுஷன், தபாலில் சேர்க்க மறந்துவிட்டார் என்று ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவரும் "ம்" என்றார். அந்த "ம்"தான் உனக்கு வந்து வாய்த்திருக்கிறது.

முடிவுத் தாளின் நகலோடு உன் கடிதம் முந்தாநாள் வந்தது. "கூட்டத்தைக் கண்டு மிரளாதவர், குரலே பெரிய பலம், மனிதர்களோடு பழகும் வேலையே ஏற்றது" என்று படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. நம் பெண்ணா இது? யாராவது வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவளா? கீழே நீ எழுதியிருந்தாய்: "எனக்கே நம்ப முடியலம்மா. ஆனா உங்க ரெண்டு பேரை விட என்னைத் தெரிஞ்சவங்க யாரு? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அந்த வரியைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். குட்டு வெளிப்பட்டது. நன்றாக அசடு வழிந்தார். ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று சண்டை போட்டேன். "நீ அவ்வளவு ஆசையா சொல்லிட்டே போன. இருபத்தஞ்சு வருஷத்துல நான் அப்படிக் கேட்டதே இல்ல. நிறுத்த மனசு வரல" என்றார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது, நீயே சொல்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. நேற்று மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். பஸ் நிலையத்தில் ஒரே அமளி. மூன்றாம் மேடையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டியைப் பின்பக்கம் மாற்றிவிட்டார்கள், சொல்லத்தான் ஆள் இல்லை. அறிவிப்புச் செய்கிற பெண் வேலையை விட்டுப் போய் ஒரு வாரமாகிறதாம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். விசாரணை அறையில் மேலாளர் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். எனக்குக் கை சும்மா இருக்குமா? உள்ளே போய் வாங்கினேன்.

"பதினாலாம் நம்பர் வண்டிக்கு நிக்கிறவங்க பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட வாங்க. ஓடாதீங்க, வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது. டிரைவர் இன்னும் சாப்பிடவே இல்ல. அவரு டப்பா என் கையிலதான் இருக்கு" என்றேன்.

நிலையம் முழுக்கச் சிரிப்பு! ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று மெதுவாக நடந்தார்கள். அப்பா வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் முதலில் முறைத்தார். பிறகு, "நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று கேட்டார். நாளைக்கு முடியாது, என் பெண்ணுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுத வேண்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாதச் சம்பளத்துக்கு நிரந்தர வேலையாம். எனக்கு!

அதனால் உன்னிடம் இருக்கிற அந்த முடிவுத் தாள் என்னுடையது. திருப்பிக் கொடுத்துவிடு. சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

உன் பங்குக்கு என்ன என்று கேட்பாய். அப்பா ராத்திரி டூட்டிக்குப் போகாமல் லீவு போட்டு, நினைவில் இருந்த கேள்விகளையெல்லாம் பழைய நோட்டில் எழுதி உன்னைப் பற்றி நிரப்பியிருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். புதியவர்களோடு பழகப் பிடிக்குமா என்பதற்கு, "ஆள் வந்தால் ஒளிந்துகொள்வாள். வந்தவர் குடை உடைந்திருக்கிறது என்றால் தானாக வெளியே வருவாள்" என்று எழுதியிருக்கிறார். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் உண்டா என்பதற்கு, "ஆறு வயதில் கடிகாரத்தைப் பிரித்தாள். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்குரு மிஞ்சியது. நாலு நாள் யாரோடும் பேசாமல் அதன் இடத்தைக் கண்டுபிடித்தாள். கடிகாரம் இன்றும் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறார். இப்படிப் பதினோரு கேள்விக்குத்தான் பதில். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்: "அவளைத்தான் கேட்க வேண்டும்."

கேட்கிறோம், கண்ணு. இத்தனை நாள் கேட்காதது எங்கள் தப்பு. உனக்கு என்ன பிடிக்கும்? நீயே எழுது. மெக்கானிக் ஆகு, அதை ஆகு, இதை ஆகு என்று நான் சொல்லமாட்டேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது, ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வீட்டுக்கு வந்து இரு. எனக்கு நாற்பத்தாறில்தான் தெரிந்தது, உனக்கு இருபத்திரண்டுதானே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். இந்த ஒரு தடவை தலையணைக்கு அடியில் தள்ளாமல் எடு. நான் பேசமாட்டேன், சத்தியமாக. நீ சொல்வதைக் கேட்பேன். நீ "ம்" என்று மட்டும் சொன்னாலும் சரி, அந்த "ம்" முடியும்வரை காத்திருப்பேன்.

நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து இரு, என் தங்கமே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் முடிவுத் தாளைத் தெரியாமல் எடுத்துக்கொண்ட
அம்மா

அம்மா எழுதியது அத்தனையும் உண்மை. காலர் கருகியதும். போனை எடு. — அப்பா