உன் குரலில் பேசச் சொல்கிறார்கள்

என் செல்லக் கோமதிக்கு,

உன் காரியம் முடிந்து ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் உன் இடத்தில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். நீ டப்பிங் பேசிக்கொண்டிருந்தாயே, அந்தத் தெலுங்கு சீரியலின் மூத்த மருமகள், அவளுக்கு இனிமேல் தமிழில் நான்தான் பேச வேண்டுமாம். அதுவும் உன் குரல் மாதிரியே. பார்க்கிறவர்களுக்கு ஆள் மாறியதே தெரியக்கூடாதாம். மாட்டேன் என்றால் திருப்பதியில் எனக்கு வேறு ஸ்டுடியோ ஏது?

என்னை அங்கே கூட்டிப்போனதே நீதான். நீயே அப்போது புதுசு. முதல் நாள், காதில் தெலுங்கு வசனம் ஓட ஓட, தமிழில் அழ வேண்டியவள் தெலுங்கிலேயே அழுதுவைத்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எல்லை ஊர் நகரிக்காரிக்கு வேறென்ன வரும்? எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் வந்து என் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டாய்.

"ஒரு காதுல அவ பேசட்டும். இன்னொரு காதுல உன்ன நீயே கேட்டுக்கினு பேசுடீ."

உனக்கோ அழுகை சீன் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று உன் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன், வசனம் வந்துவிடும். காய்ச்சல் என்று படுத்தவளை அப்படிப் பிடித்துவைக்க எனக்குத் தெரியவில்லையே, கோமதி.

நேற்று சாம்பிள் பேசினேன். அச்சு அசல் நீதான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையும் உன் குரலில்தான் வந்தது. பயந்துபோய்விட்டேன்.

பஸ் பிடித்து நேரே உன் அம்மாவிடம் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து, என் போனில் அந்தப் பதிவைக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மகள் குரல் திரும்பக் கிடைத்ததே என்று மனசு ஆறுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவளாட்டமேதான் கீது," என்றார். "ஆனா வேணாம்மா. அவ போயிட்டா. அவளாட்டமே பேசிக்கினு இருந்தா நீயும் போயிடுவ. அப்புறம் எனக்கு யாரு?"

நாளைக் காலை ரெக்கார்டிங். என் குரலில்தான் பேசுவேன் என்று சொல்லப்போகிறேன். அப்படியானால் வராதே என்பார்கள். அதற்கப்புறம் எங்கே போவேன்? நான் விட்டுவந்த தறிக்கே திரும்புவேனா? உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ இல்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். உன் குரலை நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். எனக்கும்கூட.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு மிஞ்சிய மகள்,
ரேவதி