அந்த முப்பத்தொரு படங்கள்

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து மழை. குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடும் ஒரு அம்மா போன் செய்தார். அண்ணனும் நானும் எழுதிய மென்பொருள் லைப்ரரி வழியாக அச்சடித்த படத்தில் ஒரு குழாயே இல்லையாம். அதை நம்பித் தோண்டியவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். ஒரு தெருவுக்கே இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. "கம்ப்யூட்டர்ல கோடு இருக்கும்மா, பேப்பர்லதான் இல்ல" என்றார்.

கோடுகளாக வரைந்த படத்தை வாங்கிப் புள்ளிகளாக மாற்றித் தருவது, எங்கள் லைப்ரரிக்கு இருப்பதே அந்த ஒரு வேலைதான். அதிலும் கோட்டை முழுங்கினால்?

கோட்டை வாசிக்கும் பகுதி அண்ணன் எழுதியது. புள்ளி வைக்கும் பகுதி என்னுடையது. பிப்ரவரியிலும் இப்படி ஒரு புகார் வந்தது. தப்பு அவன் பகுதியில்தான் என்று, லைப்ரரியைப் பயன்படுத்துகிற அத்தனை பேரும் படிக்கும் இணையப் பக்கத்தில் எழுதினேன். அன்றே விலகிக்கொண்டான். என் போனையும் எடுப்பதில்லை.

ஜூன் 5

அண்ணன் எழுதியதை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு குற்றமும் இல்லை. எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது?

ஜூன் 7, சனி

நான்தான்.

ஜனவரியில் வேகத்துக்காக என் பகுதியில் ஒரு மாற்றம் செய்தேன். அதில் ஒரு புள்ளியைவிட மெல்லிய கோட்டின் அகலம் பூஜ்யமாகிவிட்டிருக்கிறது. எதை மாற்றினாலும் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை வரைந்து, சரியென்று எடுத்துவைத்த பழைய படங்களோடு ஒப்பிடும் சோதனை உண்டு. அன்று முப்பத்தொன்று பொருந்தவில்லை என்று சிவப்புக் காட்டின. நிழல் கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதானே என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. புதியவையே சரி என்று ஒரே கட்டளையில் பழையவற்றின்மேல் எழுதினேன். அதன்பிறகு எல்லாம் பச்சை. தப்பையே அளவுகோலாக வைத்துவிட்டு அளந்தால் சரியாகத்தானே இருக்கும்!

"ஒரு தடவ படங்களக் கண்ணால பாரு"ன்னு பிப்ரவரியிலேயே அண்ணன் சொன்னான். "டெஸ்ட் பச்சையா இருக்கு, உன் பக்கத்தப் பாரு"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். ஐயோ, என்ன வாய் எனக்கு.

ஜூன் 8

சத்தமில்லாமல் திருத்தி வெளியிட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது — அவனுக்கும் தெரியாதே.

ஜூன் 9

அதே பக்கத்தில் எழுதிவிட்டேன். பிழை என்னுடையது, பிப்ரவரியில் அவன்மேல் போட்ட பழி அநியாயம் என்று.

வரைபட அம்மாவிடமும் சொன்னேன். "அப்ப ஜனவரியிலேருந்து அடிச்சது எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும்" என்று போனை வைத்துவிட்டார். கோபப்படட்டும். படவேண்டியதுதான்.

ஜூன் 11

அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை. அண்ணியைக் கேட்டேன். "படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு."

ஜூன் 14, சனி

அண்ணன் வந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம். படங்களக் காட்டு."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தான். இரண்டு மணி நேரம் ஆனது. எதிரே நான், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவள் மாதிரி.

நூற்று நாற்பதாவது படத்தில் நின்றான். ஒரு வளைவு, முனையில் உடைந்திருந்தது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

"இது உன்னுது இல்ல. நான் பண்ணது," என்றான். "அந்தப் பக்கத்துலயே எழுது. எம் பேரப் போட்டே எழுது."