உனக்கு இடம் விட்டு எடுத்த படம்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாள்கூடப் படிக்காத கல்லூரியின் பழைய மாணவர் ரீசேட் சட்டையை, ஒன்றுகூடல் முடிந்த நாளிலிருந்து கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிகிறேன். முதுகில் உங்கள் வகுப்பின் ஆண்டு பெரிதாக இருக்கிறது. மீன் விற்கவும் அதோடுதான் போனேன், ஒரு செத்த வீட்டுக்கும் அதோடுதான் போனேன். அலசிப் போடக் கேட்டுக் கேட்டு என் பெண்சாதி அலுத்துவிட்டாள். இப்போது அதில் புதுத்துணி வாசம் பாதி, மீன் வாசம் பாதி. என் தோணியில் வந்து வந்து உன் வெள்ளைச் சட்டையும் இப்படித்தான் மணக்கும். வகுப்பில் உன் பக்கத்தில் இருக்க ஆள் கிடைக்காது என்று என்னைத் திட்டுவாய்.

நான் ஏழாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு அப்பாவின் தோணியைப் பிடித்தவன். படுவான்கரையிலிருந்து நீ வாவியைக் கடந்து படிக்கப் போக அந்தத் தோணிதான். வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத ஒரே ஆம்பிளை நீ. முன்பலகையில் இருந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிப்பாய். நான் வேண்டுமென்றே ஆட்டுவேன்.

"ஆட்டாதடா மச்சான், சோதினை இரிக்கு" என்பாய்.

சாகப் போகிறவனுக்கு என்ன சோதினை என்று கேட்டால், "பாஸ் பண்ணிப்போட்டுச் சாவன், நீ ஒழுங்காக் கம்பை ஊண்டு" என்பாய்.

உங்கள் வகுப்புப் படம் எடுத்த அன்று உன் சோற்றுப் பெட்டி தோணியில் கிடந்தது. கொடுக்க வந்த என்னை இடுப்பில் கட்டிய சாரத்தோடு இழுத்து, பின்வரிசை ஓரத்தில், வாங்குப் பலகையின் மேல் உன் பக்கத்தில் ஏற்றிவிட்டாய். ஆர் இவன் என்று வகுப்பாசிரியர் கேட்டார். புதிதாக வந்தவன் என்று கூசாமல் சொன்னாய். நான் இறங்கி ஓடாமலிருக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் படத்தில் எல்லோருக்கும் கழுத்துப்பட்டி, எனக்குச் சாரம். நீ வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தாய். எந்தப் படத்தில்தான் நீ கண் திறந்தாய்? கலியாணப் படத்திலும் பெண்பிள்ளை மட்டும்தான் விழித்திருந்தாள். அந்தப் படத்தோடு உன் வகுப்புக்காரர்கள் என்னையும் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இருபத்தைந்தாம் ஆண்டு ஒன்றுகூடலுக்குக் கல்லூரிக்கு என்ன கொடுப்பது என்று போன வருடம் வட்ஸ்அப்பில் நீங்கள் பிடித்த சண்டை நினைவிருக்கிறதா? வாசலில் வளைவு கட்டி எல்லோருடைய பெயரையும் பொறிக்கப் பலருக்கும் ஆசை. தோணியில் வரும் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி வாங்குவோம் என்று நீ ஒருவன்தான் நின்றாய். என் முன்பலகையில் இருந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடிதான் குரல் பதிவு அனுப்பினாய்.

"வளைவுக்குக் கீழால நடக்கிறதுக்கு முதல்ல புள்ளைகள் கரைக்கு வரோணுமே."

கனடாவில் இருக்கும் உங்கள் செயலாளர் அதோடு வாயை மூடினார். நீ வென்றாய். மாரி மழை தொடங்க முதல் உன் நெஞ்சு நின்றுவிட்டது. இவ்வளவு காலமும் தண்ணீருக்குப் பயந்தவன், நனையாமல் கட்டிலில் கிடந்து போனாய்.

ஒன்றுகூடல் அன்று பிள்ளைகள் செம்மஞ்சள் அங்கியோடு வரிசையில் நின்றார்கள். கழுத்துவரை அங்கிக்குள் புதைந்திருந்த ஒரு சிறுமியைப் பூசணிக்காய் என்று பகிடி பண்ணினேன். அவள் என் வயிற்றை ஏற இறங்கப் பார்த்தாள். உன்னிடம் சொல்லிச் சிரிக்கத் திரும்பினேன். பக்கத்தில் வேறு யாரோ.

பிறகு பழைய படத்தில் நின்றபடியே அவரவர் இடத்தில் நின்று படம் எடுக்க ஏற்பாடு. வாங்கின் மேல் எனக்குப் பக்கத்தில் உன் இடம் வெறுமையாகக் கிடந்தது. படம் பிடிக்கும் தம்பி நெருங்கி நிற்கச் சொன்னான். கனடாவிலிருந்து வந்திருந்த செயலாளரும் என்னை உன் இடத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நான் அங்க நிண்டா மறுகா அவன் எங்க நிக்கிற?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த இடம் அப்பிடியே இரிக்கட்டும் தம்பி" என்றார். "எப்பிடி இரிக்கோ அப்பிடியே எடுங்க."

நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்துக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, சும்மா தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டில் ஏதோ சூடாக உரசியது. நீ என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.

இப்போது காலையில் அங்கி மாட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிறேன். உன் முன்பலகையில் அந்தப் பூசணிக்காய்தான் இருக்கிறாள். விளிம்பைப் பிடிப்பதில்லை, கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு வருகிறாள். தோணியை ஆட்ட மட்டும் எனக்கு இப்போது மனம் வருவதில்லை, மச்சான்.

படம் நேற்று வந்தது. உன் இடத்தில், வாங்கின் மேல், கல்லூரிக் காவலாளியின் ஆடு நிற்கிறது. படம் பிடித்த தம்பி கண்டானாம். எப்படி இருக்கிறதோ அப்படியே எடுக்கச் சொன்னதால் எடுத்தானாம். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருக்கின்றன. பெரிதாக்கிச் சட்டம் போட்டு அதிபரின் அறையில் மாட்டியிருக்கிறார்கள்.