ஏழாம் எண் வயல்

1981 ஏப்ரல் 9, வியாழன்
மட்டாஞ்சேரியில் விடியும்போதே புழுக்கம். வைப்பின் தீவில் நில ஆய்வு. ஆபீஸ் சாரும் நானும்.
இனி நிலம் பார்க்கும் நான்கு அரசு அலுவலகங்களுக்கும் ஒரே பட்டியல். கண்டல் காடு, நெல்வயல், காயல், மணல்திட்டு... பன்னிரண்டு வகை, பன்னிரண்டு எண். எதைக் காப்பது, எதை விட்டுவிடுவது, எல்லாம் இதை வைத்துத்தான். இதுவரை ஒரே குளத்துக்கு ஆளுக்கொரு பெயர். எனக்குப் பட்டியல் பிடித்திருக்கிறது.
கடைசியாகத் திரேசியா சேச்சியின் பொக்காளி வயல், உப்பு தாங்கும் நெல் விளையும் இடம். முழங்கால் தண்ணீர், மதகில் இறால் வலை. கட்டன் சாயா கொடுத்தாள். "மழைக்கு நெல்லு, மழை போனா செம்மீன். ரெண்டும் இதே வயல் கண்டத்தில்தான் மோளே."
சார்: "ஒரு நிலத்துக்கு ஒரு எண். இன்னிக்குக் கண்ணுல படறது எதுவோ அது."
தண்ணீர்தான் பட்டது. ஏழு என்று எழுதினேன். ஆழமில்லாத உப்புநீர்.

ஏப்ரல் 20, திங்கள்
வாங்க: மை, ஊக்கு, அம்மாவுக்குக் கண்மருந்து.
நூலக நாவல் பாதியில் நிற்கிறது. ஒரே பக்கத்தை மூன்று முறை.

மே 18, திங்கள்
வரைபடம் வண்ணம் பூசி வந்தது. எண் மூன்று, நெல்வயல், பச்சை; தொடக்கூடாது. ஏழு எல்லாம் சாம்பல். கீழே சின்ன எழுத்தில்: கப்பல் பாதையில் தூர்வாரும் சேற்றை இங்கே கொட்டலாம்.
சேச்சியின் வயல் சாம்பல்.

மே 19
சாரிடம் சொன்னேன்.
"நீயும்தானே பார்த்தே. நெல் இருந்துதா?"
"ஏப்ரல்ல எப்படி சார் இருக்கும்?"
"ஒருத்தர் திருத்தினா நாலு ஆபீசும் திருத்தணும். பொதுப் பட்டியல்னா அதுதான்."
டைப்பிஸ்ட் சேட்டன்: "ஜூன்ல மூணு, டிசம்பர்ல ஏழு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பெயிண்ட் அடிக்கலாம்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும். ஏன் சிரித்தேன்?
நாலு ஆபீசுக்கும் மனு எழுதிப் போட்டேன்.

ஜூன் 2, செவ்வாய்
மழை. துணி காயவில்லை. மனுவுக்குப் பதில் இல்லை.
தூர்வாரும் கப்பல் வந்துவிட்டது. படகுத்துறையில் நின்றால் தெரிகிறது. அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம், நிற்பதே இல்லை. சோற்றைத் தள்ளி வைத்தேன்.
அம்மா: "ஆபீஸ் கோபத்தைச் சோத்துல காட்டாதே."

ஜூன் 6, சனி
யாரிடமும் சொல்லாமல் படகேறி வைப்பினுக்கு. வயலில் தண்ணீரை வடித்து, மண்ணைச் சின்னச் சின்ன மேடுகளாகக் கூட்டியிருக்கிறார்கள். திரேசியா சேச்சியின் இடுப்பில் முளைகட்டிய விதைக் கூடை.
எல்லாம் சொன்னேன். எழுதியது நான் என்பதையும்.
முதலில் சிரித்தாள். "அதுக்கென்ன? ஏழுங்கிறதை அடிச்சு மூணுன்னு போடு. பேனா உன் கையிலல்லே?"
என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"சேறு எப்போ கொட்டுவாங்க?"
"திங்கள்."
கிழக்கு வரப்பு வரை சேறு கொண்டுவரும் இரும்புக் குழாய் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். கை நிறைய விதை எடுத்து மேட்டில் தூவினாள். அடுத்த மேட்டுக்குப் போனாள்.